காணாமல் போன பொம்மி

"பாஸ், தங்கச் செயினைத் தேடியிருக்கோம். ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடியிருக்கோம். செத்துப்போன மீனைத் தேடி வர்றது இதுதான் முதல் தடவை."

"நடுவுல கொஞ்சம் மூச்சும் விடு, ரேடியோ."

ரேடியோ நான்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற பொத்தான் என்னிடம் இல்லை என்று பாஸ் சூட்டிய பட்டம். பாஸ் என்று நான் சொல்வது ஐம்பதைத் தொடும் ஒரு பெண்மணியை. ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். எரிந்த கடையைப் பார்த்தே நெருப்பு வைத்தது முதலாளியா மச்சானா என்று சொல்லிவிடுவார். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். அங்கே டிரைவர், டைப்பிஸ்ட், எடுபிடி எல்லாம் நான் ஒருவனே.

கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் முன்வாசலில், சனிக்கிழமை நடந்த பார்வையாளர் நாளுக்குக் கட்டிய பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. 'கடலை அறிவோம், வாருங்கள்' என்று மேலே. கீழே சிவப்பு எழுத்தில், 'ரசாயன நெடி காரணமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.'

"எனக்கு மனசு நாலு வயசுதான் பாஸ். உள்ளே விடுவாங்களா?"

"வாய்க்கு நாப்பது வயசு இருக்கே. சராசரி பார்த்து விட்டுருவாங்க."

நிலையத்தின் இயக்குநர் எங்களை நேராக மாதிரி அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னலே இல்லாத நீளமான அறை. ஏ.சி. குளிரில் பல் தந்தியடித்தது. இரும்பு அலமாரிகளில் வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். உள்ளே ஸ்பிரிட்டில் நிமிர்ந்து நின்ற மீன்கள், நண்டுகள், பெயர் தெரியாத ஜந்துக்கள். எல்லாவற்றின் கண்ணும் வெள்ளை.

"கடலையே ஊறுகாய் போட்டு வெச்சிருக்காங்க பாஸ்."

இயக்குநர் சிரிக்கவில்லை. இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு தட்டைக் காட்டினார். தூசிக்கு நடுவே வட்டமாக ஒரு சுத்தமான இடம். ஒரு ஜாடி அளவுக்கு.

"எங்கே ஒரு புது மீனைக் கண்டுபிடிச்சாலும், 'இதுதான் அது'ன்னு சாட்சிக்கு ஒரு மீனைப் பத்திரமா எடுத்து வைப்போம்" என்றார். "இங்கே இருந்தது அப்படி ஒரு சாட்சி. அதைத்தான் காணோம்."

தட்டின் விளிம்பில் பெயர் அட்டை மட்டும் ஒட்டியிருந்தது. வாய்க்குள் நுழையாத ஒரு சொல், அதன் பின்னால் 'பொம்மியே'.

"யார் சார் அது பொம்மி? வாசல்ல நின்னு கூப்பிடற மாதிரி இருக்கு?"

"கூப்பிடல தம்பி. ஒரு பெண் பேரை மீனுக்கு வெச்சா, கடைசியில அப்படி ஒரு வால் ஒட்டணும். லத்தீன் விதி. பொம்மி எங்க மூத்த விஞ்ஞானியோட பொண்ணு. வீட்டுல கூப்பிடற பேர். ஏழு வயசுல போயிட்டா."

நாக்கு நுனியில் தயாராக நின்ற அடுத்த ஜோக்கை விழுங்கினேன்.

மீதியை இயக்குநர் சுருக்கமாகச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு முன் அந்த விஞ்ஞானி பிடித்த மீன் அது. இப்போது புதிதாகச் சேர்ந்த மரபணு ஆய்வாளர், ஒரு இளம்பெண், அது புது மீனே அல்ல, எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிளிமீனின் குஞ்சுதான் என்கிறார். சந்தேகம் தீர மீனிலிருந்து கொஞ்சம் சதையை வெட்டி எடுத்துச் சோதிப்பதாக ஏற்பாடு. இன்று காலை கத்தியோடு வந்து பார்த்தால் ஜாடி இல்லை. வெள்ளிக்கிழமை இருந்திருக்கிறது. பூட்டில் ஒரு கீறல் கிடையாது.

"சோதனையில குஞ்சுன்னு வந்தா?" என்று பாஸ் கேட்டார்.

"அந்தப் பேர் செல்லாது. பழைய பேர்தான் நிக்கும். பொம்மிங்கிற பேர் மீன் உலகத்துல இருந்தே போயிடும்."

"போகக் கூடாதுன்னு யார் நினைப்பாங்க?"

இயக்குநர் தலை குனிந்துகொண்டார். "அதனாலதாம்மா நான் போலீசுக்குப் போகல. அவர் அடுத்த மாசம் ஓய்வு பெறப்போறார். இந்த நிலையத்தை வளர்த்ததே அவர்தான். ஆனா சனிக்கிழமை முழுக்க அவர் கீழே ஹாலை விட்டு நகரவே இல்ல. பேச்சு, கேள்வி பதில், மறுபடி பேச்சு. ஊரே பார்த்துச்சு. ஞாயிறு கட்டடத்தையே பூட்டிட்டோம்."

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, அறைப் பொறுப்பாளர்கிட்ட, அவர்கிட்ட. நாங்க மூணு பேருமே ஹால்லதான் இருந்தோம்."

"ஆளுக்கு ஊரே சாட்சி. சாவிக்கு?" என்றபடி பாஸ் குனிந்தார். தட்டின் துருப்பிடித்த விளிம்பில் ஏதோ சிக்கியிருந்தது. விரல் நுனியால் எடுத்தார். மஞ்சள் நிறக் கம்பளி இழை.

"திருடன் குளிருக்குப் போர்த்திக்கிட்டு வந்திருக்கான்" என்றேன்.

"ஆள் போர்த்தியிருந்தா தோள் உயரத்துல எங்கேயாவது உரசும். இது ஜாடி நின்ன வட்டத்துக்கு நேர் எதிர்ல இருக்கு." பாஸ் இழையை ஒரு காகிதத்தில் மடித்தார். "போர்வை திருடனுக்கு இல்ல, ரேடியோ. ஜாடிக்கு."

செத்த மீனுக்குக் குளிரும் என்று கவலைப்பட்ட ஒரு திருடன். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். ஏனோ வரவில்லை.

விஞ்ஞானியின் அறை மாடிக்கோடியில் இருந்தது. சுவரெல்லாம் கடற்கரை வரைபடங்கள். கடல்புல் வளரும் இடங்களுக்குப் பச்சை, அழிந்த இடங்களுக்குக் கறுப்பு. ஒரு ஆணியில் இரண்டு வலைத்துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்றின் கண்ணில் என் சுண்டுவிரல் நுழையாது. மற்றதில் மூன்று விரல் நுழையும். அந்தச் சின்னக் கண்ணிலிருந்து பெரிய கண்ணுக்கு மீனவர்களை நகர்த்தத்தான் அவருடைய பாதி ஆயுள் போயிருக்கிறது. குஞ்சு பொரிக்கும் மாதங்களில் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்த வைத்ததும் அவர் அறிக்கைதான். முதலில் அவர் ஜீப்பின் மேல் கல் விழுந்ததாம். பிறகு கல் எறிந்தவர்களே புது வலை வாங்கும்முன் அவரிடம் வந்து யோசனை கேட்டார்களாம்.

ஒல்லியான மனிதர். வெயிலில் காய்ந்து காய்ந்து முகம் கருவாடு நிறத்துக்கு வந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியிலிருந்த புத்தகங்களைத் தரையில் இறக்கி வைத்தார்.

"நான் எடுக்கல" என்றார். "ஆனா நீங்க என்னைச் சந்தேகப்படறதுல தப்பே இல்ல. நானா இருந்தா நானும் என்னைத்தான் முதல்ல கேட்பேன்."

"அந்தப் பொண்ணு சொல்றது சரியா இருக்குமா சார்?" என்று பாஸ் கேட்டார்.

"சரியாத்தான் இருக்கும். எனக்கே ரொம்ப நாளாத் தோணிக்கிட்டிருக்கு. கிளிமீன் குஞ்சா இருக்கறப்போ ஒரு நிறம், வளர்ந்த பிறகு வேற நிறம். தாயையும் பிள்ளையையும் பக்கத்துல வெச்சாக்கூட சொந்தம்னு சொல்ல முடியாது." கொஞ்சம் சிரித்தார். "குஞ்சைப் பிடிக்காதீங்க, குஞ்சைப் பிடிக்காதீங்கன்னு கடற்கரை முழுக்கக் கத்தினவன், ஒரு குஞ்சைப் பிடிச்சு அதுக்குப் புதுப் பேரும் வெச்சிருக்கேன் பாருங்க."

"அந்த மீன் எப்போ கிடைச்சுது?"

அவர் சுவரில் மாட்டியிருந்த ஆராய்ச்சிக் கப்பலின் படத்தைப் பார்த்தார். "அதுலதான் போயிருந்தோம். குழந்தைக்குக் காய்ச்சல்னு வயர்லெஸ்ல சேதி வந்துச்சு. கப்பலைத் திருப்பறதுக்குள்ள புயல். நடுக்கடல்ல நிறுத்திட்டாங்க. நான் வீட்டுக்கு வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. முகத்தைக்கூடப் பார்க்கல. அந்தப் பயணத்துல கடைசியா இழுத்த வலையில விழுந்த மீன் அது. வேற என்ன பேர் வைப்பேன்?"

"குழந்தையோட அம்மா எப்படித் தாங்கினாங்க?"

"அவ ஒண்ணும் சொல்லல. நானும் கேட்கல. கேட்டா அவளுக்கு வலிக்கும்னு நினைச்சேன். அடுத்த கப்பல் கிளம்புச்சு, ஏறிட்டேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

பாஸும் அந்தக் கப்பல் படத்தைப் பார்த்தார். பிறகு சாதாரணமாக, "சனிக்கிழமைப் பேச்சு நல்லா இருந்துச்சாமே?" என்றார்.

"எங்கே! கண்ணாடியை வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டேன். நல்ல வேளை, அவதான் கொண்டு வந்து மேடையில குடுத்துட்டுப் போனா."

"உங்க சாவிக்கொத்து அப்போ எங்கே இருந்துச்சு?"

"இதோ, இந்த மேசை மேல. எப்பவும் இங்கேதான் கிடக்கும்."

பின்வாசலில் ஒரு காவலாளி இருந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தைச் சமாளிக்க வெளியிலிருந்து அமர்த்திய ஆள்; பாஸ் கேட்டதால் இயக்குநர் வரவழைத்திருந்தார். பார்வையாளர் நாளன்று எல்லோரும் முன்வாசலில் நுழைந்து இவர் காவலிருந்த பின்வாசல் வழியாகத்தான் வெளியேறியிருக்கிறார்கள். இவர் முன்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றார்.

"ஒரு ஜாடி இல்லம்மா, ஒரு குண்டூசிகூட என்னைத் தாண்டிப் போயிருக்காது. எல்லாப் பையையும் திறந்து பார்த்துட்டுத்தான் விட்டேன். ஸ்கூல் பசங்க டிபன் பாக்ஸைக்கூட விடல."

"பை இல்லாதவங்க?" என்று பாஸ் கேட்டார்.

"பை இல்லேன்னா என்னத்தைப் பார்க்கறது? கையை வீசிக்கிட்டுப் போனாங்க. ஒரு அம்மா குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாங்க. பேரப்பிள்ளை போல. மஞ்சள் போர்வையால நல்லாச் சுத்தி, முதுகைத் தட்டிக்கிட்டே வந்தாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'சத்தம் போடாதீங்க, இப்பத்தான் கண்ணசந்தா'ன்னாங்க. கதவு கிறீச்சுன்னு கத்தும். அது முழிச்சுக்கப் போகுதேன்னு நானே மெதுவாத் தூக்கிப் பிடிச்சுத் திறந்துவிட்டேன்."

"குழந்தை அசைஞ்சுச்சா?"

"இல்லம்மா. நல்ல தூக்கம்."

பாஸ் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஒண்ணும் தேறல பாஸ். மஞ்சள் போர்வைன்னா ஊர்ல ஆயிரம் இருக்கும். தூங்கற குழந்தையைப் போய்..."

"முன்வாசல் பலகையில சிவப்புல என்ன எழுதியிருந்துச்சு?"

"அஞ்சு வயசுக்குக் கீழே இருந்தா அனுமதி..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"உள்ளே போகாத குழந்தை எப்படி வெளியே வந்துச்சு, ரேடியோ?"

காரில் ஏறும்போதே என் மூளை நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. கண்ணாடி கொண்டு வந்தது யார்? மேசையில் சாவி இருப்பது யாருக்குத் தெரியும்? "மனைவி! கணவனோட பேர் கெட்டுடக் கூடாதுன்னு ஜாடியைக் கடத்தியிருக்காங்க. ஓய்வு பெறப் போற நேரத்துல, கண்டுபிடிச்சதே தப்புன்னு வந்தா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரில்ல? கேஸ் முடிஞ்சுது பாஸ்."

"யார்னு சரியாச் சொல்லிட்ட" என்றார் பாஸ். பிறகு விஞ்ஞானிக்குப் போன் செய்து, அவர் வீட்டுக்கே வரச் சொன்னார்.

அவர்கள் வீடு ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தது. மணியை ஒரு தடவைதான் அழுத்தினேன். கதவு உடனே திறந்தது. வெளுத்த பருத்திப் புடவை, நரைத்த தலை.

"வாங்க" என்றார் அந்த அம்மா, நாங்கள் யார் என்றுகூடக் கேட்காமல். "சனிக்கிழமையில இருந்து இந்த மணி எப்போ அடிக்கும்னுதான் உட்கார்ந்திருந்தேன்."

உள்ளறையில் ஒரு சின்னக் கட்டில். அதில் பெரியவர்கள் யாரும் படுக்க முடியாது. சுவரோரமாக, தலையணை அணை கொடுத்து, மஞ்சள் போர்வைக்குள் ஜாடி இருந்தது. பாதி வரை மட்டும் போர்வையை இறக்கிக் காட்டினார். விரல் நீளம்தான் அந்த மீன். ஒரு காலத்தில் என்ன நிறமோ, இப்போது ஊறிய காகிதம் போலிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"சாரோட பேருக்குக் களங்கம் வரக் கூடாதுன்னுதானேம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பேரா? பேர் போனாப் போகட்டும் தம்பி. எங்கெங்கேயோ யார் யாரோ புத்தகத்துல அவ பேரைப் படிக்கிறாங்களாம். வெளியில அவர் பெருமையாச் சொல்வார். இந்த வீட்டுல அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? நான் சொன்னா அவர் எழுந்து வேற ரூமுக்குப் போயிடுவார். நானும் விட்டுட்டேன்."

 பாஸ் கட்டிலின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார். "அப்போ எதுக்கும்மா எடுத்தீங்க?"

"வெட்டறாங்களே."

அந்த அம்மா போர்வையை மறுபடி மேலே இழுத்துவிட்டார்.

"போன வாரம் சாப்பிடும்போது சொன்னார். 'திங்கக்கிழமை ஒரு சின்னத் துண்டு எடுப்பாங்க, வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது'ன்னு. எனக்குச் சோறு இறங்கல. அதே வார்த்தை. அன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்ன அதே வார்த்தை. என்ன காய்ச்சல்னே தெரியல, திறந்து பார்த்தா மத்த குழந்தைங்களுக்காவது உதவும், ஒரு சின்னத் துண்டுதான் எடுப்போம், வெளியே ஒண்ணும் தெரியாதுன்னார். நான் படிச்சவ. விஞ்ஞானி பொண்டாட்டி. மாட்டேன்னு எப்படிச் சொல்வேன்? கூட யாருமில்ல. கையெழுத்துப் போட்டேன்." போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். "வெள்ளைத் துணியில சுத்திக் குடுத்தாங்க. வாங்கித் தோள்ல போட்டேன். கனமே இல்ல. இடுப்புல வெச்சா இடுப்பு ஒடியும், அப்படி இருந்த குழந்தை. கனமே இல்ல. உள்ளே எதை எடுத்தாங்க, எதை விட்டாங்கன்னு நான் கேட்கல. மீன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். இருந்தாலும் அவ பேரைச் சுமந்துக்கிட்டு நிக்குது. இன்னொரு தடவை என்னால சரின்னு சொல்ல முடியல."

பின்னால் ஏதோ விழுந்த சத்தம். திரும்பினேன். விஞ்ஞானி வாசற்படியில் நின்றிருந்தார். தோளில் இருந்த பை தரையில் கிடந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது.

"அவளை வெட்டினாங்களா?" என்றார். குரல் குரலாகவே இல்லை.

அந்த அம்மா தலையாட்டினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேட்கவே இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷமும் ஒரே கூரையின் கீழே, ஒருவருக்கு வலிக்கும் என்று ஒருவர் வாய் திறக்காமல், இருவரும் தனித்தனியாக ஒரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். நான் பூதங்களைத் துரத்தும் கேஸ் வேண்டும் என்று பாஸிடம் அடிக்கடி கேட்பேன். இதைவிடப் பூதமே மேல்.

யாராவது பேசினால் தேவலை என்று இருந்தது. பேசினேன். "சார், நான் மண்டு. தெரியாமத்தான் கேட்கறேன். கை ஒடிஞ்சா வெட்டியா பார்க்கறாங்க? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாப் போதாதா?"

அவர் என்னை வெறித்தார். பிறகு ஜாடியை. "போதும்" என்றார் மெல்ல. "கிளிமீனுக்குத் தொண்டைக்குள்ள பல் உண்டு, அது தெரியும். முள் தெரியும். மரபணு அளவுக்கு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா எனக்குத் தெரிஞ்சுடும். ஏன் இது எனக்குத் தோணல?"

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஜாடியை அந்த அம்மாவே மடியில் வைத்துக் காரில் கொண்டுவந்தார். மரபணு ஆய்வாளர் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒரு மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விஞ்ஞானியே பார்த்தார், அவரே சொன்னார்: கிளிமீன் குஞ்சு. பொம்மி என்ற பெயர் செல்லாது என்று அவரே கட்டுரை எழுதினார். அவர் பணியில் எழுதிய கடைசிக் கட்டுரை அது. இயக்குநர் போலீசை மறந்தார். கதவு திறந்துவிட்ட காவலாளியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜாடி பழைய தட்டுக்கே போயிற்று, வேறு அட்டையோடு.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. விஞ்ஞானி மெல்ல நடந்து வந்து, கட்டிலுக்கு மறுபக்கம் தரையில் உட்கார்ந்தார். முட்டி மடங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். "முதல்ல இருந்து சொல்லு. எதையும் விடாதே."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அந்த அம்மா போர்வையிலிருந்து கையை எடுத்தார்.

"காலைல நல்லாத்தான் எழுந்தா பொம்மி" என்றார். கணவர் எழுந்து போகிறாரா என்று ஒரு கணம் பார்த்தார். போகவில்லை. "பல் தேய்க்க மாட்டேன்னு ஒரே அடம். அப்பா வந்து தேய்ச்சுவிட்டாத்தான்னு சொல்லி, பிரஷ்ஷைப் பின்னால ஒளிச்சு வெச்சுக்கிட்டா."

விஞ்ஞானி வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.  பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டார். "அப்புறம்?"

பாஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கேள்விகள் பாக்கி இருக்கும்போது பாஸ் ஒரு வீட்டை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மாடிப்படியில் இறங்கும்போது அந்த அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தடவை சிரித்தது போலக்கூட இருந்தது. நடுநடுவே விஞ்ஞானியின் குரல் மட்டும் உடைந்து உடைந்து, "அப்புறம்? அப்புறம்?" என்றது.